அலை எட்டாத இடத்தில் உப்பு

கோனார்க் சூரியன் கோயிலில் இருவகைக் கற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஜகமோகனத்தின் வாயில் நிலைகளும், இடிந்துபோன கருவறையின் புறமாடங்களில் நிற்கும் சூரியன் உருவங்களும் பசுஞ்சாம்பல் நிறக் குளோரைட் கல்லால் ஆனவை. அவற்றில் ஆரத்தின் மணிகளை இன்றும் எண்ணலாம். ஆடையின் மடிப்பு ஒவ்வொன்றும் துலக்கமாகத் தெரியும். சில அடி தள்ளி, வெளிச்சுவரை நிறைத்திருக்கும் நூற்றுக்கணக்கான உருவங்கள் கொண்டலைட் என்னும் கல்லில் செதுக்கப்பட்டவை. அவற்றில் பலவற்றுக்கு மூக்கு இல்லை, விரல் இல்லை. முகம் இருந்த இடத்தில் மணல்மணலாக உதிரும் ஒரு மேடு மட்டும் இருக்கிறது. இரண்டும் 13ஆம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மதேவன் காலத்தில் செதுக்கப்பட்டவை. ஏறத்தாழ எழுநூற்றெழுபது ஆண்டுகளாக ஒரே காற்றையும் ஒரே மழையையும் ஏற்றவை. கடல் இப்போது அங்கிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

இந்தக் கோயிலின் அழிவுக்குச் சொல்லப்பட்டுவந்த காரணங்கள் யாவும் பெரியவை. உச்சியில் ஒரு காந்தக்கல் இருந்ததாகவும், அது கப்பல்களை இழுத்ததால் மாலுமிகள் அதைப் பெயர்த்து எடுத்ததாகவும், அதனால் கட்டடமே சரிந்ததாகவும் ஒரு கதை உண்டு. படையெடுப்பைச் சொல்வோர் உண்டு; நிலநடுக்கத்தைச் சொல்வோர் உண்டு; அடித்தளம் பாரம் தாங்கவில்லை என்போரும் உண்டு. கருவறைக் கோபுரத்தின் வீழ்ச்சிக்கு இவற்றுள் ஏதோ ஒன்று பொருந்தக்கூடும். ஆனால் நின்றுகொண்டிருக்கும் சுவரில் ஒரு முகம் கரைந்தும் அதன் பக்கத்து முகம் கரையாமலும் இருப்பதற்கு இக்கதைகளில் ஒன்றுகூட விடை தரவில்லை. படையெடுத்து வந்தவன் கல்லின் வகையைப் பார்த்தா உடைத்திருப்பான்?

விடை உப்பில் உள்ளது. அவ்விடையை ஏற்க நிலவியலுக்கு நூறாண்டுக்கு மேல் பிடித்தது. அந்தத் தாமதத்தின் வரலாறு, கடற்கரைப் பாறைகளின் வடிவத்தைப் போலவே சுவையானது.

உப்பின் தீங்கு பழங்காலத்தார் அறியாததன்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்தைப் பற்றி எழுதிய ஹெரோடோட்டஸ், அந்நாட்டு மண்ணில் உப்பு மேலெழுந்து பிரமிடுகளையும் கெடுக்கிறது என்று போகிற போக்கில் பதிவு செய்தார். அந்தக் குறிப்பு அப்படியே கிடந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலவியல் ஒரு தனி அறிவுத்துறையாக உருவானபோது அதன் ஆசிரியர்கள் பெரும்பாலும் பிரித்தானியத் தீவினர். அவர்கள் கண்முன் இருந்தது அலை. சார்ல்ஸ் லயல் 1830 முதல் 1833 வரை வெளியிட்ட நிலவியல் கோட்பாட்டு நூலில் கடலுக்குப் பெரும் பங்கு தரப்பட்டிருந்தது. 1846இல் ஆண்ட்ரூ ராம்சே, வேல்ஸ் நாட்டு மலைகளின் மேல்மட்டங்கள் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருப்பதைக் கண்டு, கடல் ஒரு காலத்தில் நாடு முழுவதையும் சீவிச் சமதளமாக்கியது என்று வாதிட்டார். கடற்பாறையில் ஒரு குடைவு கண்டால் அது அலை குடைந்தது. குளிர்நாட்டு மலையில் ஒரு பிளவு கண்டால் அது உறைபனி பிளந்தது. இந்த இரண்டு முகவர்களோடு கணக்கு முடிந்தது.

இதற்கு மாறான குரல் பசிபிக்கிலிருந்து வந்தது. அமெரிக்கக் கடற்பயணக் குழுவோடு சென்ற ஜேம்ஸ் டுவைட் டேனா, நியூசிலாந்தின் தீவு விரிகுடாவில் ஒரு சிறு தீவைக் கண்டார். நடுவில் மேடும், அதைச் சுற்றி நீர்மட்டத்தில் தட்டையான பாறைத்தளமுமாக, விளிம்பு அகன்ற பழைய தொப்பி ஒன்றைக் கவிழ்த்து வைத்தது போன்ற தோற்றம்; பெயரும் 'பழந்தொப்பி' என்பதே. அந்த விரிகுடா அமைதியானது. பாறையை வெட்டும் வலிமை அங்குள்ள அலைக்கு இல்லை. 1849இல் வெளியான தம் நூலில் டேனா தந்த விளக்கம் எளிமையானது. நீர் எப்போதும் ஊறியிருக்கும் மட்டத்துக்குக் கீழே பாறை கெட்டியாக இருக்கிறது. அதற்கு மேலே, நனைந்தும் காய்ந்தும் வரும் பகுதி இற்றுப்போகிறது. இற்ற தூளை அலை அள்ளிக்கொண்டு போகிறது. அதாவது, அங்கே அலை சிற்பி இல்லை, பெருக்குபவன். 1916இல் நியூசிலாந்தின் பார்ட்ரம் இதை மீண்டும் எடுத்து எழுதும்வரை டேனாவின் கருத்துக்கு உரிய கவனம் கிட்டவில்லை.

உப்புக்கு நேர்ந்தது இதைவிட விசித்திரம். பாரிஸ் நகரின் கட்டடக் கற்களுள் எது உறைபனியைத் தாங்கும், எது தாங்காது என்று முன்கூட்டியே அறிய வேண்டியிருந்தது. பனிக்காலம்வரை காத்திருக்க இயலாது; செயற்கையாகக் குளிரூட்டும் பொறியும் அன்று இல்லை. கனிமவியலாளர் பிரார் ஒரு வழி கண்டார். கல்லின் துண்டுகளைச் சோடியம் சல்பேட்டின் செறிந்த கொதிகரைசலில் ஊறவைத்து, எடுத்துத் தொங்கவிட வேண்டும். கரைசல் காயும்போது நுண்துளைகளுக்குள் படிகம் வளரும். பனிக்கட்டியைப் போலவே அது கல்லை உடைக்கும். எரிகார் த தூரி 1828இல் இம்முறையை அறிவியல் இதழில் விரிவாக வெளியிட்டார். பல நாடுகளின் கட்டடக்கல் சோதனைகளில் இதன் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றன.

இச்சோதனையின் தருக்கத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உப்பு கல்லை உடைக்கும் என்பது கண்முன் நிரூபிக்கப்படுகிறது. ஆனால் பார்த்தவர்கள் உப்பைப் பார்க்கவில்லை. அது பனிக்கட்டியின் வேடம் போட்ட நடிகனாகவே அவர்களுக்குத் தெரிந்தது. பனியே விழாத ஒரு கடற்கரையில் அந்த நடிகன் வேடமின்றித் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கலாம் என்னும் கேள்வி எழவே இல்லை. சோதனைச்சாலை பாரிஸில் இருந்ததால் எழாத கேள்வி அது. சென்னையிலோ பூரியிலோ இருந்திருந்தால் எழுந்திருக்கக்கூடும்.

படிகத்தின் வலிமையை அளக்கும் வேலை தனியே, மெதுவாக நடந்தது. வளரும் படிகம் தன்மேல் உள்ள பாரத்தைத் தூக்கும் என்று பிரான்ஸின் லவால் 1853இல் எழுதினார். 1905இல் பெக்கரும் டேயும் அமெரிக்காவில், பாரம் ஏற்றிய படிகாரப் படிகம் அந்தப் பாரத்தையும் தூக்கிக்கொண்டு வளர்வதைச் சோதனையில் காட்டினர். படிகத்துக்கும் அதை அழுத்தும் சுவருக்கும் இடையில் மெல்லிய கரைசல் படலம் ஒன்று எஞ்சியிருப்பதே இதன் சூட்சுமம். அப்படலத்தின் வழியே புதிய துகள்கள் வந்து அமர்வதால் அழுத்தப்பட்ட பக்கத்திலும் படிகம் வளரும். ஜெர்மனியின் கொரென்ஸ் 1939இல், கரைசல் எந்த அளவு மிகைசெறிவு கொண்டதோ அந்த அளவுக்கு அழுத்தமும் கூடும் என்பதைச் சமன்பாடாக்கினார். ஆயினும் 1965இல் வெல்மனும் வில்சனும் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரைக்கு, கடற்கரையிலும் வறண்ட நிலத்திலும் உப்பு ஒரு புறக்கணிக்கப்பட்ட அரிப்பு முகவர் என்னும் பொருளில்தான் தலைப்பிட நேர்ந்தது. ஹெரோடோட்டஸுக்கு இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் 'புறக்கணிக்கப்பட்ட' என்ற சொல் தேவைப்பட்டிருக்கிறது.

உப்பு வேலை செய்யும் முறையை அறிய அலையின் நுரையிலிருந்து தொடங்க வேண்டும். அலை உடையும்போது கோடிக்கணக்கான குமிழிகள் தோன்றி வெடிக்கின்றன. ஒவ்வொரு வெடிப்பும் நுண்துளிகளை மேலே எறிகிறது. துளியின் நீர் காற்றில் ஆவியாக, எஞ்சும் உப்புத்துகள் காற்றோடு உள்நாட்டுக்குப் பயணம் செய்கிறது. பெரிய துகள் கரையிலேயே விழும். நுண்ணியது பல கிலோமீட்டர் போகும். சராசரிக் கடல்நீரில் கிலோகிராமுக்கு 35 கிராம் அளவில் கரைந்த உப்பு இருக்கிறது. அதில் ஏறத்தாழ 85 விழுக்காடு சோடியமும் குளோரைடும். மீதியில் மக்னீசியம், சல்பேட், கால்சியம் முதலியன. கோனார்க்கின் சுவரை அலை ஒருபோதும் தொட வேண்டியதில்லை. கடல் அங்கே காற்றாக வந்து சேர்கிறது.

வந்த உப்பு உலர்ந்தே இருந்தால் தீங்கில்லை. தூய சோடியம் குளோரைடு காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் படிகமாகும். மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே கசியத் தொடங்கிவிடும். மழைக்காலத்தில் சமையலறைக் கல்லுப்புச் சாடி நீர்விடுவது இதனால்தான். வங்கக் கடற்கரையில் இரவின் ஈரப்பதம் 75-ஐ எளிதில் தாண்டுகிறது. பல நாள்களில் நண்பகலில் அதற்குக் கீழே இறங்குகிறது. எனவே ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் புயலைக் காட்டிலும், நாள்தோறும் சத்தமின்றி நிகழும் இந்த ஏற்ற இறக்கமே கல்லுக்கு மிகுந்த சோதனை. இரவில் கரைசலாகித் துளைக்குள் நுழைவதும் பகலில் படிகமாகி விரிவதுமாக, ஓராண்டில் நூற்றுக்கணக்கான முறை.

சோடியம் சல்பேட் இருக்குமிடத்தில் இன்னொரு வழியும் திறக்கிறது. அதன் நீரற்ற வடிவம், நீரை ஏற்றுப் பத்து நீர்மூலக்கூறு கொண்ட படிகமாகும்போது கன அளவில் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. பிரார் அந்த உப்பைத் தேர்ந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் உப்புகளுள் மிகக் கொடியதை அவர் கையில் எடுத்திருந்தார்.

கல் ஏன் தோற்கிறது? நசுக்கும் விசையைத் தாங்குவதில் கல் வல்லது. பிளந்து இழுக்கும் விசைக்கு அது எளிதில் இடம்கொடுத்துவிடும். நீண்ட கல் உத்தரம் நடுவில் முறிவதும் இதே காரணத்தால்தான். கோனார்க்கின் சிற்பிகள் அதை அறிந்தே இரும்பு விட்டங்களைப் பயன்படுத்தினர். உத்தரத்தில் அவர்கள் தவிர்த்த இழுவிசையை, துளைக்குள் வளரும் படிகம் உள்ளிருந்தே உண்டாக்குகிறது.

துளையின் தன்மை இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. குளோரைட் மென்மையான கல். ஆனால் இறுக்கமானது, நீர் எளிதில் புகாது. கொண்டலைட் கடினமான கனிமங்களால் ஆனது: குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், கார்னெட், சில்லிமனைட். ஆனால் அதன் ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகவும் கார்னெட் துருவாகவும் மாறும்போது கல் முழுதும் நுண்வழிகள் திறந்துவிடுகின்றன. கடினமானது தோற்று, மென்மையானது நின்ற கதை இது. இதனால்தான் கோனார்க் நிலவியலாளருக்கு அரிய வாய்ப்பு. கடலோரக் குன்றின் மேற்பரப்பு எப்போது வெளிப்பட்டது என்று சொல்வது கடினம். கோயிற்சுவருக்கோ பிறந்த தேதி உண்டு. உளி கடைசியாகத் தொட்ட நூற்றாண்டு தெரியும். இரண்டு கற்கள், ஒரே தொடக்கம், ஒரே காற்று. இப்படி ஒரு சோதனையை எந்த ஆய்வகமும் எழுநூறு ஆண்டு நடத்த முடியாது.

கொண்டலைட்டின் பெயரைப் பற்றி ஒரு சொல். 1902இல் டி. எல். வாக்கர், களஹண்டி மலைப்பகுதியின் பாறைகளை விவரிக்கும்போது அங்கு வாழும் கொண்ட் மக்களின் பெயரால் இக்கல்லை அழைத்தார். அம்மக்களின் குயி, குவி மொழிகள் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகெங்கும் நிலவியல் நூல்களில் வழங்கும் பாறைப்பெயர்களுள் ஒரு திராவிட மொழி பேசும் மலைமக்களின் பெயர் இருக்கிறது. அப்பெயரைச் சொல்பவர்களில் அதை அறிந்தவர் மிகச் சிலரே.

சொற்களின் பக்கம் வந்துவிட்டதால் இன்னும் சிலவற்றைப் பார்க்கலாம். நிலவியல் நூல்கள் 'புறக்கணிக்கப்பட்ட முகவர்' என்று எழுதிய உப்பை இந்திய மொழிகளின் அன்றாடப் பேச்சு புறக்கணித்ததே இல்லை. சுவரில் வெண்பொடி தோன்றினால் வங்காளியில் 'நோனா தரா' என்பார்கள்: உப்பு பிடித்தது. இந்தியில் 'லோனா லக்னா': உப்பு ஒட்டியது. இரண்டும் 'லவண' என்ற சொல்லின் வழிவந்தவை. தமிழில் உப்பு பூக்கிறது, பிறகு சுவரை அரிக்கிறது. வங்காளி அதை நோய் பிடிப்பதாகக் காண, தமிழ் முதலில் மலர்ச்சியாகவும் பின்பு கறையான் வேலையாகவும் காண்கிறது. ஐரோப்பிய வேதியியலார் இதற்கு வைத்த பெயரும் மலரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. பார்த்த கண் எங்கும் ஒன்றாக இருந்திருக்கிறது.

தமிழில் இன்னும் ஒரு சொல் உண்டு: ஓதம். பழைய வழக்கில் அது கடலின் பெருக்கு, அலை. இன்றைய வழக்கில் சுவரிலும் தரையிலும் ஏறும் ஈரம். ஒரே சொல் கடற்கரையிலிருந்து வீட்டுச்சுவருக்கு நகர்ந்திருக்கிறது. பொருள் மாற்றத்தின் படிகளைச் சான்றுகளோடு காட்டுவது வேறொரு வேலை. ஆனால் கடலோர ஊரில் வாழ்ந்த ஒருவருக்குச் சுவரில் ஏறும் ஈரமும் கரையில் ஏறும் கடலும் ஒரே பெயருக்கு உரியவையாகத் தோன்றியதில் வியப்பில்லை. நிலவியல் பிரித்துவைத்ததை அந்தச் சொல் சேர்த்தே வைத்திருந்தது.

எனினும் பேச்சுவழக்குக்கும் ஓர் எல்லை உண்டு. கண்ணுக்குத் தெரியும் பூப்புதான் ஓரளவு தீங்கற்றது. கரைசல் மேற்பரப்புவரை வந்து காயும்போது உப்பு வெளியே பூக்கிறது, துடைத்தால் போய்விடும். காற்று விரைவாக உலர்த்தும்போது கரைசல் மேற்பரப்பை எட்டுவதற்கு முன்பே, சில மில்லிமீட்டர் உள்ளேயே காய்ந்துவிடுகிறது. அங்கே வளரும் படிகம் யார் கண்ணிலும் படாது. ஒரு நாள் மேல்தோல் செதிலாக விழும்போதுதான் அது தெரியவரும். சுவர் வெள்ளையாகப் பூத்திருந்தால் வருந்துவதும், பூக்காமல் இருந்தால் நிம்மதி கொள்வதும் இந்த வகையில் தலைகீழான எதிர்வினைகள்.

மழையைப் பற்றிய எண்ணமும் இப்படியே தலைகீழாகிறது. மழை நேராகப் படும் முகம் கழுவப்படுகிறது. அதில் உப்பு தங்குவதில்லை. கபோதத்தின் அடிப்புறம், மாடத்தின் உட்சுவர், பாறையின் குடைவு ஆகியவை மழை படாமல் காற்று மட்டும் புகும் இடங்கள். உப்பு சேருவதும் கல் உதிர்வதும் அங்கேதான். சிற்பி எந்தச் சிற்பத்தைக் காக்க எண்ணி மாடத்துக்குள் வைத்தானோ, அதே மாடம் அதற்கு உப்புப் பெட்டியாகிவிடக்கூடும்.

இயற்கைப் பாறையில் தேனடை போன்ற குழிகள் தோன்றுவதும் இதே விதியால். ஒரு சிறு பள்ளம் விழுந்தால் அதனுள் நிழல்; நிழலில் ஈரம் நீடிக்கும்; ஈரம் உப்பைச் சேர்க்கும்; பள்ளம் ஆழமாகும். இடையில் நிற்கும் வரப்புகள் மட்டும் எஞ்சும். அவ்வரப்புகள் ஏன் நிற்கின்றன என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் ஆய்ந்த மஸ்டோ, வரப்புகளின்மேல் படர்ந்த நுண்பாசி அவற்றைக் காக்கிறது என்று 1982இல் எழுதினார். கல்லிலேயே முன்பிருந்த வலிமை வேறுபாடு என்பது மற்றொரு கட்சி. 1999இல் ரோட்ரிகஸ்-நவாரோவும் உடன் ஆய்ந்தோரும், எந்த வேறுபாடும் இல்லாத ஒருசீரான சுண்ணக்கல்லில் உப்பையும் காற்றோட்டத்தையும் மட்டும் கொண்டு ஆய்வகத்திலேயே தேனடைக் குழிகளை உண்டாக்கிக் காட்டினர். பாசி உதவலாம், ஆனால் தேவையில்லை என்று இப்போது சொல்லலாம்.

பெரிய குடைவுகளுக்கு நிலவியலில் வழங்கும் பெயர் 'தஃபோனி'. கோர்சிகாத் தீவின் கருங்கற்குடைவுகளை விவரித்த நார்வேயின் ஹான்ஸ் ரோய்ஷ் 1882இல் அச்சொல்லை அறிவியலுக்குள் கொண்டுவந்தார். 'துளைத்தல்' என்னும் கோர்சிக வினையிலிருந்து வந்தது என்பர் சிலர். சன்னலைக் குறிக்கும் சிசிலியச் சொல் என்பர் சிலர். கிரேக்கத்தில் கல்லறைக்குரிய சொல்லோடு சேர்ப்பாரும் உண்டு. துளை, சன்னல், கல்லறை: மூன்றுமே அவ்வடிவத்துக்குப் பொருந்துவதால் வடிவத்தைக் கொண்டு வழக்கைத் தீர்க்க முடியவில்லை.

இத்தனையையும் மனத்தில் கொண்டு விசாகப்பட்டினத்திலிருந்து பீமுனிப்பட்டினம் செல்லும் கடற்கரைச் சாலையைப் பார்த்தால் அலைக்கும் உப்புக்கும் உள்ள வேலைப் பிரிவினை தெரியும். கோனார்க்கின் கல்லேதான் இங்கே குன்றுகளாகக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. துறைமுகத்தை ஒட்டிய டால்ஃபின் மூக்கு முனை கொண்டலைட். மங்கமாரிப்பேட்டையில் கரையோரத்தில் ஓர் இயற்கைக் கல்வளைவு நிற்கிறது. சுற்றுலாவினர் படமெடுக்க வரும் இடம். வளைவின் அடிப்பகுதியில் வேலை செய்வது ஐயமின்றி அலைதான். பிளவுக்குள் காற்றை அமுக்கி, மணலையும் கூழாங்கல்லையும் எறிந்து, கட்டையே பெயர்த்துவிடும் விசை அதற்கு உண்டு. ஆனால் அலை எட்டும் உயரத்துக்கு மேலே, வளைவின் அடிவயிற்றிலும் தோள்களிலும் கல் மணலாக உதிர்வதற்கு அலை காரணமாக முடியாது. கீழே வெட்டு, மேலே உதிர்வு, விழுந்ததைக் கொண்டுபோக மீண்டும் அலை. டேனா அமைதியான விரிகுடாவில் கண்ட பெருக்குபவனும் லயலின் வலிய அலையும் இங்கே ஒரே பாறையில் இரு தளங்களில் பணிபுரிகின்றனர். இருவரில் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்ன 19ஆம் நூற்றாண்டு விவாதமே பிழையான கேள்வியில் தொடங்கியது.

மேற்குக் கரையில் இது வேறுவிதமாக அமையும். மல்பே அருகே செயின்ட் மேரி தீவுகளின் எரிமலைக்கல் தூண்கள், கல் குளிர்ந்தபோது விழுந்த வெடிப்புகளால் ஏற்கெனவே பலகோணக் கட்டைகளாகப் பிரிந்தவை. அங்கே கடல் பெரும்பாலும் பிரிந்திருப்பதைப் பிரித்தெடுக்கிறது. எல்லாக் கடற்பாறைக்கும் உப்பையே விடையாகச் சொல்வது, எல்லாவற்றுக்கும் அலையைச் சொன்னதைப் போன்ற இன்னொரு பிழையாகிவிடும்.

அலையின் கதை எவ்வளவு வலிமையாகக் கண்ணை மறைக்கும் என்பதற்கு மாமல்லபுரமே சான்று. வில்லியம் சேம்பர்ஸ் 1772இலும் 1776இலும் அங்கு சென்று, 1788இல் 'ஏசியாடிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் எழுதினார். கடலுக்குள் வெகுதொலைவில் செப்புத்தகடு வேய்ந்த கோயிற்சிகரங்களைக் காலைக் கதிரில் பார்த்ததாக ஊர் முதியோர் நினைவுகூர்ந்ததை அவர் பதிவு செய்தார். 1810இல் ஆங்கிலக் கவிஞர் சதே தம் காவியத்தில் மூழ்கிய நகரைப் பாட, 'ஏழு கோயில்களில் ஆறைக் கடல் விழுங்கியது' என்னும் செய்தி ஐரோப்பா வரை நிலைத்தது. மீதமிருக்கும் ஒன்றாகக் கடற்கரைக் கோயில் எண்ணப்பட்டது. இனி அலை எப்போது வரும் என்பதே கேள்வியாயிற்று.

அலை வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையைக் கோயில் தாங்கி நின்றது. அந்த அலை மணலை வாரிக்கொண்டு போய், சாளுவன்குப்பத்தில் மறைந்திருந்த கல்வெட்டுகளைக் காட்டிக்கொடுத்தது. அதைத் தொடர்ந்த 2005ஆம் ஆண்டு அகழாய்வில் பழைய முருகன் கோயில் வெளிப்பட்டது. விழுங்கும் என்று அஞ்சப்பட்ட கடல் திருப்பிக் கொடுத்த தருணம் அது. இதற்கிடையில், 8ஆம் நூற்றாண்டில் இராசசிம்மன் எடுப்பித்த கோயிலின் கடற்காற்றை நேரே ஏற்கும் முகங்களில் சிங்கங்களின் வாயும் பிடரியும் மழுங்கிவிட்டன. சில நூறு மீட்டர் உள்ளே, பெரும்பாறைப் புடைப்புச் சிற்பத்தில் பூனையின் தவமும் யானையின் தோல்சுருக்கமும் துலக்கமாக உள்ளன. இந்த ஒப்பீட்டை அளவோடுதான் கொள்ள வேண்டும்: ஒன்று வெட்டியடுக்கிய கற்களால் கட்டியது, மற்றது நின்ற பாறையிலேயே செதுக்கியது, கோனார்க்கைப் போல் எல்லாம் சமமாக இருக்கவில்லை. ஆனால் திசை ஒன்றே.

எது குற்றவாளி என்ற முடிவு, எதைச் செய்வது என்ற முடிவாகிறது. கோனார்க்கில் 1903இல், சரிவைத் தடுக்க ஜகமோகனத்தின் உள்ளே மணலை நிரப்பி வாயில்களை அடைத்தனர். பாரத்தைப் பற்றிய கவலைக்கு அது தக்க விடையாக இருந்திருக்கலாம். ஆனால் சுவரின் ஒரு முகம் அன்றிலிருந்து காற்றைக் காணவில்லை, ஈரம் வெளியேறும் வழி மற்ற முகம் மட்டுமே, அதாவது சிற்பங்கள் இருக்கும் முகம். அண்மை ஆண்டுகளில் அம்மணலை வெளியேற்றுவது பற்றி எழுந்த பேச்சில் பாரக்கணக்கே முன்னின்றது. ஈரத்தின் வழிக்கணக்கும் அதற்கு இணையாக வைக்கப்பட வேண்டியது. 1906இல் கடற்பக்கம் சவுக்கும் புன்னையும் நட்டது மணற்காற்றை எண்ணி. அதே மரங்கள் உப்புத்துளிகளையும் வடிகட்டின என்பது எண்ணாமல் கிடைத்த நன்மை. உப்பை அறியாமலே உப்புக்கு மருந்து செய்த நேரங்களும் வரலாற்றில் உண்டு.

அறியாமல் நஞ்சிட்ட நேரங்கள் அதிகம். பழைய சுண்ணக்காரைக்குப் பதிலாகச் சிமென்ட் பூசியபோது, சிமென்ட்டே கரையும் உப்புகளைக் கொண்டுவந்தது. சுண்ணத்தைப் போல் அது மூச்சும் விடவில்லை. ஈரம் இணைப்பைவிட்டுக் கல்லின் வழியே வெளியேறத் தொடங்கிற்று. சிமென்ட் நிற்க, அதைச் சுற்றியுள்ள கல் உதிர்ந்தது. நீர்புகாப் பூச்சுகளின் கதையும் அதுவே. வெளியே பூக்க வேண்டிய உப்பைப் பூச்சு உள்ளேயே அடைத்துவிடும். ஒரு நாள் பூச்சோடு சேர்ந்து சிற்பத்தின் தோலும் உரியும். மாமல்லையில் அலையைத் தடுக்கக் கோயில்முன் பாறைகளைக் கொட்டியது அடித்தளத்தைக் காத்தது, அது தேவையானதே. ஆனால் அப்பாறைகளில் மோதி உடையும் அலையும் நுரைக்கிறது; நுரை துளியாகிறது.

ஒடிசாக் கடற்கரை உப்பைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் நிறையவே எழுதியிருக்கின்றனர்: கம்பெனியின் ஏகபோகம், வரி, அழிந்த உப்புக் கொட்டில்கள். வரி கட்டாமல் காற்றில் வந்து கல்லுக்குள் போன உப்புக்கு அந்த ஆவணக்காப்பகங்களில் இடமில்லை. அதன் ஆவணம் இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலார் எழுதும் குறிப்பேடுகளில் இருக்கிறது. கடலோரக் கோயில்களில் அவர்கள் செய்வது காகிதக்கூழ் வைத்தியம். தூய நீரில் ஊறவைத்துக் கூழாக்கிய காகிதத்தைக் கல்லின்மேல் கனமாக அப்பிவிடுவார்கள். நீர் கல்லுக்குள் சென்று உப்பைக் கரைக்கும். கூழ் காயும்போது கரைசல் கூழை நோக்கி இழுபடும். உப்பு கல்லில் பூக்காமல் காகிதத்தில் பூக்கும். காய்ந்த கூழை உரித்து, கழுவிய நீரில் குளோரைடு எவ்வளவு என்று பார்த்து, குறையும்வரை மீண்டும் அப்புவார்கள். பிராரின் சோதனையைத் திருப்பிப் போட்டது போன்ற முறை இது. அளவு தாழ்ந்ததும் சாரத்தைப் பிரித்து அடுத்த முகத்துக்கு நகர்வார்கள். அன்றிரவே ஈரப்பதம் 75-ஐத் தாண்டும். கடற்காற்று புதிய உப்போடு வரும். சில ஆண்டுகள் கழித்து அதே முகத்துக்கு அதே கூழோடு அவர்கள் திரும்பி வருவார்கள்.